பலாமரத்து வளைவில் செங்கமலம்

பட்டப்பகலில் விளக்குப் போட்டு வண்டி ஓட்டினேன் என்பதுதான் என் மேல் குற்றம். குடிக்கவில்லை, யாரையும் இடிக்கவில்லை, வேகமாகக்கூடப் போகவில்லை. மஞ்சக்கல் தேயிலை எஸ்டேட்டின் மினி பஸ்ஸில் கொழுந்து பறிக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு, மூடுபனி கண்ணை மறைத்த பகல்களில் முன்விளக்கைப் போட்டேன். போட்டது போட்டதுதான். இன்றைக்குக் கேட்டாலும் போட்டேன் என்றே சொல்வேன். மென்று விழுங்கிப் பேசுவது இந்தப் பிலோமினாவுக்குப் பழக்கமில்லை.

பகலில் விளக்கு எரிய வண்டி ஓட்டினால் நம் பக்கத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். எதிரே வருகிறவர் கையை வெளியே நீட்டி விரல்களைக் குவித்துக் குவித்து விரிப்பார். டீக்கடையில் கிளாஸோடு நிற்கிறவர் செய்வார், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளை செய்யும். லைட் எரியுது, அணைங்க என்று அர்த்தம். ஒருத்தரும் கற்றுக்கொடுக்காமல் எல்லோருக்கும் தெரிந்த சாடை அது. நல்லெண்ணத்தில்தான் காட்டுகிறார்கள், பாவம். மறந்துபோய் விட்டிருக்கிறாய், பாட்டரி தீர்ந்துவிடும் என்கிற அக்கறை. மழை கொட்டோ கொட்டென்று கொட்டும்போதும், பனி இறங்கி முன்னால் போகிற வண்டியின் பின்பக்கம் தெரியாதபோதும் அதே அக்கறையைக் காட்டுகிறார்களே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வழிவலை வந்த பிறகு அந்தக் கைச்சாடையே சட்டமாகிவிட்டது.

மலைப்பாதையில் ஓடுகிற எல்லா வண்டிகளிலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கருவியைப் பொருத்தினார்கள், அதுதான் வழிவலை. முன்கண்ணாடிக்குப் பதில் தெளிதிரை வைத்தார்கள். வெளியே பனி எவ்வளவு அப்பிக் கிடந்தாலும் திரையில் சித்திரை மாதத்து வெயில் அடிக்கும். வளைவுக்கு அந்தப் பக்கம் வருகிற லாரிகூடத் தெரியும். நடந்து போகிறவர்கள் தோளிலோ தலைத்துணியிலோ ஒரு சின்ன வில்லையைக் குத்திக்கொள்ள வேண்டும். பகல் வெளிச்சம் பட்டாலே அது தானாகச் சார்ஜ் ஆகிக்கொள்ளும். இங்கே இன்னார் இருக்கிறேன், இங்கே இன்னார் இருக்கிறேன் என்று சுற்றியுள்ள வண்டிகளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். உடனே வண்டிக்குள்ளே திரையில் அந்த ஆளின் உருவம் தெரியும், தலைக்கு மேலே பெயரும் தெரியும். அரசாங்கம் அந்த வில்லைக்கு நீளமாக ஏதோ பெயர் வைத்தது. ஜனங்கள் பொட்டு என்றார்கள்.

இதனால் நல்லதே நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வண்டி பள்ளத்தில் உருளுவது நின்றுபோனது. ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்வதும் நின்றுபோனது. ஆனால் பனியில் விளக்குப் போட்டால் வெளிச்சம் சிதறி மற்ற வண்டிகளின் கேமராக் கண் கூசுகிறதாம். அதனால் பகலில் முன்விளக்கு எரியக் கூடாது என்று உத்தரவு. இரவில்தான் மலைப்பாதையையே மூடிவிடுகிறார்களே, அப்புறம் விளக்கு என்று ஒன்று வண்டியில் இருப்பது பேருக்குத்தான்.

சரி, வண்டிக்குள்ளே இருக்கிறவனுக்கு எல்லாம் தெரியும். ரோட்டில் நடக்கிறவளுக்கு? அவளுக்குத் திரை ஏது? வெள்ளைப் பனிக்குள்ளிருந்து ஒரு வண்டி வரும். பாட்டரியில் ஓடுவதால் இன்ஜின் சத்தம் கிடையாது, விளக்கும் கிடையாது. ஓட்டுகிறவனுக்கு வெயில் தெரிவதால் வேகத்தையும் குறைக்க மாட்டான். பக்கத்தில் காற்று அடித்த பிறகுதான் வண்டி போனதே தெரியும்.

எஸ்டேட்டில் பலாமரத்து வளைவு என்று ஓர் இடம் இருக்கிறது. ரோட்டுக்கு மேல்புறமும் கொழுந்துக் காடு, கீழ்ப்புறமும் கொழுந்துக் காடு. எடை போடுகிற கொட்டகை கீழே. பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் நாள் முழுக்க அந்த ரோட்டைத் தாண்டியாக வேண்டும். ஒரு வண்டி போகிற அளவுதான் அகலம். பலாமரத்தின் ஒரு கிளை ரோட்டின் நடுவரைக்கும் நீண்டிருக்கும்.

செங்கமலம் அங்கே கொழுந்து பறித்தவள். என் சிநேகிதி. பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டு அவளுடையது, வேறு யாராவது உட்கார்ந்தால் எழுப்பிவிடுவாள். புருஷன் செத்து வெகுகாலமாகிறது. முதன்முதலில் தலைத்துணியில் அந்த வில்லையைக் குத்திக்கொண்டு வந்த அன்றைக்கு, "என் வீட்டுக்காரர் போனப்ப ஊரே சேர்ந்து அழிச்ச பொட்ட, இப்ப கவர்மெண்டே வச்சு விட்ருச்சுடி பிலோ" என்றாள். பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்கு வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாகிவிட்டது.

அவள்தான் என்னிடம் விளக்கைப் போடச் சொன்னவள். பனிக்குள் ரெண்டு மஞ்சள் தெரிந்தால் நீ வருகிறாய் என்று நின்றுகொள்வேன், மற்றவனெல்லாம் எமன் மாதிரி சொல்லாமல் வருகிறான் என்றாள். பலாமரத்து வளைவு வரும்போது மட்டும் போடுவேன். தாண்டியதும் அணைப்பேன். விளக்கை அணைக்கவும், விளக்கை அணைக்கவும் என்று தெளிதிரை ஒரு பெண் குரலில் கெஞ்சும். எதிரே வருகிற டிரைவர்கள் ஜன்னலைத் திறந்து கையை நீட்டி விரலைக் குவித்துக் காட்டுவார்கள். நான் பதிலுக்கு ஹாரன் அடிப்பேன்.

மழைக்காலம் தொடங்கிய வாரம் செங்கமலத்தைக் கொழுந்து லாரி அடித்தது. அதே வளைவில், காலைநேரத்தில். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

ஓட்டியவர் கருணாகரன். எனக்குத் தெரிந்த மனுஷன், ஓர் எறும்பை மிதிக்கக்கூட யோசிப்பவர். அவளை எடுத்து அடக்கம் செய்த பிறகு என்னைத் தேடி வந்து, எஸ்டேட் குடியிருப்பான லயன் வீட்டுச் சுவரோரம் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அன்றைக்குப் பனி அதிகம் என்பதால் பழைய பழக்கத்தில் அவரும் விளக்கைப் போட்டிருக்கிறார். கொஞ்ச தூரத்தில் எதிரே ஜீப்பில் வந்த யாரோ ஒரு நல்லவர், மாட்டிக்கொள்ளப் போகிறாரே என்ற அக்கறையில், கையை நீட்டி விரலைக் குவித்துக் குவித்து விரித்திருக்கிறார். இவரும் நன்றிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு விளக்கை அணைத்தார். அடுத்த திருப்பம்தான் பலாமரத்து வளைவு.

"திரையில அந்தம்மா தெரிஞ்சாங்க பிலோமினா. ஓரத்துல நின்னாங்க. பேரு எழுதியிருந்துச்சு, செங்கமலம்னு. ஓரத்துலயே நிப்பாங்கன்னுதான் வண்டியும் போச்சு, நானும் போனேன். அவங்களுக்கு நான் வர்றது தெரியல. டயர் சத்தம் எங்கிட்டிருந்து வருதுன்னு தெரியாம, தலையில சாக்கோட நடு ரோட்டுக்கே தாவிட்டாங்க."

அன்றோடு ஸ்டியரிங்கைத் தொடுவதை விட்டுவிட்டார். அந்த ஜீப்காரர் யாரென்று இன்றைக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது, தான் என்ன செய்தோம் என்று.

விசாரணை அறிக்கை வந்தது. பாதசாரியின் பொட்டு செயலிழந்திருந்தது, பாதசாரியின் கவனக்குறைவே காரணம் என்று முடித்திருந்தார்கள். திரையில் தெரிந்தாள் என்று கருணாகரன் எழுதிக் கொடுத்ததை, அதிர்ச்சியில் குழம்பிப் பேசுகிறார் என்று தள்ளிவிட்டார்கள். செங்கமலத்தின் மகள் வளர்மதியும் கொழுந்து பறிப்பவள்தான். இன்ஸ்பெக்டர் அதை வாசித்துக் காட்டியபோது அவள், "எங்கம்மா கவனமில்லாதவளா?" என்று மட்டும் கேட்டாள்.

அதன் பிறகுதான் நான் விளக்கை அணைப்பதையே விட்டேன். ஸ்டாண்டில் எடுக்கும்போது போட்டால் திரும்பி வந்து நிறுத்தும்வரை எரியும். பனியோ மழையோ மேகமோ, எதுவாக இருந்தாலும் எரியும். திரைக்காரி கத்திக் கத்தித் தொண்டை வற்றினாள். கடைசியில் மலையடிவாரத்துச் செக்போஸ்ட் அலுவலகத்துக்கு வரச்சொல்லி எனக்கு ஓலை வந்தது.

விசாரித்தவள் வழிவலையின் இன்ஜினியர். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், பெயர் நேத்ரா. என் மகள் வயசிருக்கும். திமிரெல்லாம் இல்லை, உட்காருங்க என்றாள், டீ வாங்கிவரச் சொன்னாள். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. சண்டைக்கு வந்தவளிடம் சிரித்தால் எப்படிச் சண்டை போடுவது?

"நீங்க லைட் போட்டா முன்னாடி பின்னாடி வர்ற வண்டிக்கெல்லாம் கேமரா வெளுத்துடுதுங்க்கா. அவங்க கண்ணைக் கட்டிவிடற மாதிரி ஆயிடுது" என்றாள்.

அப்படியென்றால் அவர்கள் மெதுவாகப் போகட்டுமே என்றேன். மெதுவாகப் போனால் வலை அமைத்ததற்கே அர்த்தமில்லை என்றாள். சரி, சாக்குச் சுமந்துகொண்டு ரோட்டைத் தாண்டுகிறவளுக்கு என்ன தெரியும் என்று கேட்டேன்.

"வண்டிக்கு அவங்களத் தெரியுமேங்க்கா. அது போதாதா?"

"போதாது. நீ அவள பாத்துட்டா முடிஞ்சுதா? அவ உன்னப் பாக்க வேண்டாமா? லைட்டு நான் பாக்குறதுக்கு இல்ல தாயி. என்னப் பாக்குறதுக்கு. பகல்ல, மிஸ்ட்டுல, மழையில லைட்டப் போடுறது அதுக்குத்தான். உன் திரையில அவளுக்கு ஒரு இடம் வச்சிருக்கீங்க. அவ கண்ணுல உங்களுக்கு ஒரு இடம் வேண்டாமா?"

அவள் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தாள். வண்டி தெரிகிறதா இல்லையா என்பது எங்கள் கணக்கில் வரவே இல்லை என்று ஒப்புக்கொண்டாள். பொய் சொல்லவில்லை, அதை நான் சொல்லத்தான் வேண்டும். பிறகு செங்கமலத்தைப் பற்றிக் கேட்டேன். பொட்டு வேலை செய்யவில்லை என்று பதிவில் இருக்கிறது என்றாள். பொட்டை யார் எடுத்துப் பார்த்தது என்றேன்.

"பாக்கத் தேவையில்லங்க்கா. பொட்டு வேலை செஞ்சா வண்டி அந்த ஆள இடிக்காது. இடிச்சிருக்குன்னா பொட்டு வேலை செய்யலைன்னு அர்த்தம். வலை தானாவே அப்படித்தான் பதிஞ்சுக்கும்."

சொன்ன பிறகு அவளே அந்தப் பதிவை இன்னொரு முறை எடுத்துப் பார்த்தாள். டீ ஆறிப்போயிருந்தது.

இனிமேல் பகலில் விளக்குப் போட மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் உரிமத்தை விட்டுவிடுவதாகச் சொன்னாள். இல்லையென்றால் முடக்கத்தான் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே பிழைப்பு வண்டி ஓட்டுவது. ஆனால் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் செங்கமலத்தை நானும் கவனமில்லாதவள் என்று சொன்னதாக ஆகும். போட மாட்டேன் என்று எழுந்துவிட்டேன்.

வாசல்வரை கூடவே வந்தாள். போகிற போக்கில், எதற்கும் தெரிந்துகொள்ளலாம் என்று ஒன்று கேட்டேன். ரோட்டின் நடுவில் பொட்டுப் போட்ட ஆள் நகராமலே நின்றால் வண்டி என்ன செய்யும்? நின்றுவிடும் என்றாள். ரொம்ப நேரம் நகரவே இல்லையென்றால்? அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அப்ப அவசர நிலைன்னு எடுத்துக்கும். திரை அணைஞ்சு வெறும் கண்ணாடியாயிடும். லைட் தானா எரியும். டிரைவர் சொந்தக் கண்ணால பாத்து, நடக்கற வேகத்துல ஓட்டிக் கடக்கணும். அத மையத்துலயிருந்து மாத்த முடியாதுங்க்கா. ஒவ்வொரு வண்டியும் பொட்டு சொல்றத நேராவே கேக்குது."

இவ்வளவையும் ஏன் சொன்னாள் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

உரிமம் போன மறுநாள் எஸ்டேட்டில் கூலி வேலைக்குப் போனேன், எனக்கும் ஒரு பொட்டு கொடுத்தார்கள். இத்தனை வருஷம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தவள், முதல்முறையாகப் பலாமரத்து வளைவைக் கால்நடையாகத் தாண்டினேன். சுற்றிலும் வெள்ளை. என் கையை நீட்டினால் என் விரலே மங்கல். ஒரு காலை எடுத்து வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஏதோ ஒன்று என் சேலையை இழுத்துக்கொண்டு போனது. லாரியா, காரா என்றுகூடத் தெரியவில்லை. அந்த வண்டியின் திரையில் நான் வெயிலில் நிற்கிற மாதிரி அழகாகத் தெரிந்திருப்பேன். பயம் அடங்குவதற்குள் கோபம் வந்துவிட்டது. இந்தப் பயத்தை நாள் முழுக்கத் தலைச்சுமையோடு சுமந்துகொண்டுதானே அவள் என்னைச் சிரிக்க வைத்தாள்!

அன்று மத்தியானம் சாப்பாட்டு வேளையில், இன்ஜினியர் சொன்னதைப் பெண்களிடம் சொன்னேன். யாருக்கும் இரண்டாவது முறை விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆளுக்கொரு பேச்சாக நடந்தது. பொட்டுப் போடாமல் ரோட்டில் நடந்தால் குற்றமாச்சே என்றார்கள் சிலர். ஏற்கெனவே போட்டுக்கொண்டு செத்தால் மட்டும் குற்றமில்லையா என்றார்கள் மற்றவர்கள். கடைசியில், வேலை நேரத்தில் எல்லாப் பொட்டும் பலாமரத்துக் கிளையில் தொங்கட்டும், வீட்டுக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. கருணாகரன் தானாக வந்து மரத்தில் ஏறினார். ரோட்டின் நடுவுக்கு மேலே நீண்டிருந்த கிளையில் ஒவ்வொன்றாகக் கட்டினார். வளர்மதி தன் பொட்டைக் கொடுத்துவிட்டு, வீட்டிலிருந்து மடித்து எடுத்து வந்த அம்மாவின் தலைத்துணியையும் நீட்டினாள். ஆஸ்பத்திரியில் கொடுத்தது, இத்தனை நாள் லயன் ஜன்னலில் தொங்கியது. பொட்டு அதில் குத்தியபடியே இருந்தது. இதையும் கட்டுங்க மாமா என்றாள். அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கட்டினார்.

அன்றைக்கு முதலில் வந்த வண்டி ஒரு பால் வேன். வளைவுக்கு முன்னால் நின்றது. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். அவருடைய திரையில் ஒரு பெண் கூட்டமே நடு ரோட்டை மறித்து நின்றிருக்கும். கொஞ்ச நேரத்தில் திரை அணைந்து கண்ணாடியானது. விளக்கு எரிந்தது. பனிக்குள் இரண்டு மஞ்சள் வெளிச்சம், அதுவும் பட்டப்பகலில்! சாக்கோடு நின்ற பெண்கள் அது கடக்கும்வரை ஓரமாக நின்றார்கள். டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, நாலாபுறமும் பார்த்துப் பார்த்து ஊர்ந்து போனார். அடுத்து வந்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. வண்டியைப் பார்த்து நின்று, பிறகு தாண்டினோம். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு அழுகை வரும் என்று நான் நினைக்கவில்லை.

எத்தனை நாள் விடுவார்கள்? ஒரு நாள் பலாமரத்து வளைவில் மட்டும் ஏன் எல்லா வண்டியும் நிற்கிறது என்று பார்க்க நேத்ராவே காரில் வந்தாள். இறங்கி, பனிக்குள் தடவித் தடவி நடந்து வந்து மரத்தை அண்ணாந்து பார்த்தாள். அவள் பின்னாலேயே ஒரு வேன் விளக்கோடு ஊர்ந்து வந்தது. அவள் அதைப் பார்த்து ஒதுங்கி நின்றாள். ஒதுங்கிய பிறகு என்னைப் பார்த்தாள்.

உத்தரவை உத்தரவாகத்தான் சொன்னாள். பொட்டு ஆளின் மேல் இருக்க வேண்டும், பதிவில் உள்ள எல்லாப் பொட்டையும் கழற்றி அவரவர் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் எஸ்டேட் வேலையே போகும். இதை நிறுத்திவிட்டால் என் உரிமத்தைத் திருப்பித் தரவும் மேலே பேசியிருப்பதாகச் சொன்னாள்.

"என் லைசென்ஸ நீயே வச்சுக்க" என்றேன். ஆனால் மற்றவர்களின் பிழைப்பில் நான் கை வைக்க முடியாது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கருணாகரன் ஏறி ஒவ்வொன்றாக அவிழ்த்துப் போட்டார். நேத்ரா கையிலிருந்த கருவியில் ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

கார் நகரவில்லை.

கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள். வளர்மதியும் கூட வந்தாள். உள்ளே தெளிதிரையில் சித்திரை வெயில் அடித்தது. பச்சைக் கொழுந்துக் காடு, பலாமரம், ஈரமில்லாத ரோடு. ரோட்டின் நடுவில் ஓர் உருவம். அதன் தலைக்கு மேலே செங்கமலம் என்று எழுதியிருந்தது. வளர்மதி திரையில் கை வைத்தாள்.

நேத்ரா வழிவலை மையத்தைப் போனில் கூப்பிட்டு, வளைவில் யாராவது நிற்கிறார்களா என்று கேட்டாள். ஒருவரும் இல்லை என்று பதில் வந்தது. இன்னொரு முறை கேட்டாள். அந்தப் பெயருக்கான பொட்டு செயலிழந்தது, பதிவிலிருந்து நீக்கியாகிவிட்டது என்றார்கள்.

"அங்க எதுவும் இல்லையாம்க்கா" என்றாள்.

"அப்ப எடுக்கறதுக்கும் எதுவும் இல்லியே?" என்றேன்.

அவள் கிளையில் தொங்கிய தலைத்துணியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பதிவில உள்ளத எல்லாம் எடுத்தாச்சு. எனக்கு அவ்வளவுதான் உத்தரவு" என்றாள்.

திரை அணைந்து கண்ணாடியானது. காரின் முன்விளக்கு எரிந்தது. அவள் மெதுவாக, ஜன்னலில் தலையை நீட்டியபடி வளைவைக் கடந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, கையைத் தூக்கி விரல்களைக் குவித்துக் குவித்து விரித்தேன். உள்ளேயிருந்து அவளும் அதே மாதிரி காட்டினாள். விளக்கு வெகுதூரம்வரைக்கும் எரிந்துகொண்டே போனது.

என் உரிமம் இன்னும் திரும்பி வரவில்லை. நான் இப்போது கொட்டகையில் எடை போடுகிறேன், கால்நடையாகத்தான் போய்வருகிறேன். அதற்குப் பிறகு வேறு வேறு ஆட்கள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்தத் துணியை எடுக்கச் சொல்லி ஓர் உத்தரவு போடத்தான் அவர்களுக்கு ஆசை. ஆனால் போடுவதென்றால், செங்கமலத்தின் பொட்டு வேலை செய்கிறது என்று முதலில் எழுத வேண்டும். எழுதட்டுமே. எழுதிக் கையெழுத்துப் போட்டு வளர்மதியின் கையில் கொடுக்கட்டும். அன்றைக்கு நானே மரத்தில் ஏறி அவிழ்த்துவிடுகிறேன்.

அதுவரைக்கும் அவள் அங்கேதான் நிற்பாள். வருகிற ஒவ்வொரு வண்டியும் நின்று, விளக்கைப் போட்டுக்கொண்டுதான் போகும்.